றுஸ்தியின் செம்மஞ்சள் பூட்ஸ்

இறுதியாட்டத்துக்கு நடுவராக நிற்க வேண்டியவருக்கு டெங்குக் காய்ச்சல் என்று லீக் செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது, நிருஷா தன்னுடைய கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தந்திருந்த வேலை கோட்டோரம் கொடி பிடித்து ஓடுவது மட்டுந்தான்.

"நடுவில நீர்தான் நிக்கவேணும், பிள்ளை. வேற ஆளில்லை" என்றார் செயலாளர். குரலில் நம்பிக்கையைவிடக் கவலைதான் கூடுதலாக இருந்தது.

நிருஷா மன்னார் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. ஊர் முருங்கன் பக்கம். தகப்பன் பரமநாதன் வயல் செய்கிறவர். பெண்பிள்ளைகளின் போட்டிகளுக்கும் பள்ளிக்கூடப் போட்டிகளுக்கும் அவள் பலதடவை விசில் ஊதியிருக்கிறாள். பெரிய ஆட்களின் இறுதியாட்டத்தில் இந்த மாவட்டத்தில் ஒரு பெண் நடுவில் நின்றதில்லை. செய்தியைக் கேட்ட பரமநாதன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்ப நானும் வாறன்" என்றார். பந்து விளையாட்டை அவர் முழுசாக ஒருநாளும் பார்த்தவரில்லை. மழை வரும்போல இருந்ததால் குடையையும் எடுத்துக்கொண்டு மகளின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியில் வாடைக்காற்று ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளியது.

மைதானம் நிறைந்துபோய்க் கிடந்தது. மதிலில், மரத்தில், நிறுத்தியிருந்த லொறிகளின் கூரையில் எல்லாம் சனம். ஒரு பக்கம் விடத்தல்தீவிலிருந்து பஸ் பிடித்து வந்த வெள்ளிமீன் கழகத்தின் ஆட்கள். மற்றப் பக்கம் முழுக்க நகரத்துக் கடலலை கழகத்தின் ஆட்கள். உண்மையைச் சொன்னால் கழகத்துக்காக வந்தவர்கள் பாதிப்பேர்தான். மிச்சப்பேர் றுஸ்தியைப் பார்க்க வந்தவர்கள்.

றுஸ்தி உப்புக்குளத்துப் பெடியன். இப்போது கொழும்பில் பெரிய கழகம் ஒன்றுக்கு விளையாடுகிறான். இந்த ஒரு ஆட்டத்தில் கடலலைக்காக விளையாட லீவு கேட்டு ஊருக்கு வந்திருந்தான். அவனுடைய பூட்ஸ் செம்மஞ்சள் நிறம். வெளிநாட்டுப் போட்டியொன்றில் சிறந்த வீரனுக்கென்று கிடைத்தது. அதற்குப் பிறகு மன்னாரில் சின்னப்பிள்ளைகள் வெள்ளைக் கான்வஸ் சப்பாத்துக்கெல்லாம் செம்மஞ்சள் பெயின்ற் அடித்துக்கொண்டு திரிந்தார்கள். நிருஷாவும் அவனுடைய ஆட்டங்களைப் போனில் பார்ப்பவள்தான். இடது தோளைத் தாழ்த்தி ஒரு பொய் காட்டி வலது பக்கம் போவானே, அதை அவள் தன் மாணவிகளுக்குக்கூடச் செய்து காட்டியிருக்கிறாள்.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியும் வரிசையில் நின்றன. ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்ட, நிருஷா பூட்ஸின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இது எந்த ஆட்டத்திலும் நடக்கிற வேலை. றுஸ்தி சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினான். முதல்நாள் மழையில் தரை ஊறியிருந்ததால் ஈரத்தில் பிடிக்கிற அலுமினியக் குமிழ் வைத்த பூட்ஸ் போட்டிருந்தான். அவள் குதிகால் பக்கம் விரலை வைத்தாள். சுருக்கென்றது. விரலை எடுத்துப் பார்த்தபோது இரத்தம் பொட்டு வைத்ததுபோல நின்றது.

அவள் குனிந்து வடிவாகப் பார்த்தாள். சீமெந்துத் தரையிலும் தார் றோட்டிலும் நடந்து நடந்து குமிழ்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. தேய்ந்த விளிம்பு சவர அலகுபோலச் சுருண்டு நின்றது.

"இதோட இறங்கேலாது, றுஸ்தி" என்றாள் மெதுவாக. "குமிழைக் கழட்டி வேற பூட்டுங்கோ."

"கழட்டேலாது டீச்சர். புரி இறுகிப்போச்சு." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "கொழும்பில இதோடதானே விளையாடுறன். அங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

"அப்ப ஒரு அரம் எடுப்பிக்கிறன். முன்னுக்கு கராஜ் இருக்கு. விளிம்பைத் தேய்ச்சுவிட்டால் சரி."

அவன் சிரிப்பு நின்றது. "இது அரத்தால தேய்க்கிற சாமானோ? ஏலாது."

இதற்குள் கடலலை கழகத் தலைவர் ஆதம்பாவா கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் போன். "என்ன பிரச்சினை? இவ்வளவு சனமும் ஆரைப் பார்க்க வந்திருக்கு எண்டு தெரியுமோ தங்கச்சி? இவன் இறங்காட்டி இங்க என்ன நடந்தாலும் நான் பொறுப்பில்லை."

"அவரை இறங்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை. பூட்ஸை மாத்தச் சொல்லுறன்."

லீக்கின் மேற்பார்வையாளர் ஓடிவந்து அவளை ஒரு பக்கம் கூட்டிப்போனார். "சின்ன விசயம் பிள்ளை. கண்டும் காணாததுமாய் விடும்" என்றார் காதுக்குள். நிருஷா விரலை அவருக்கு முன்னால் நீட்டினாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அவள் எதிர்பாராதது அடுத்து நடந்தது. வெள்ளிமீன் அணியின் தலைவன் ஜெனோஜன் வரிசையை விட்டு வெளியே வந்தான். அவன்தான் அவர்களின் கோல்காப்பாளன். நெடிய, அமைதியான மனிதன், கடற்றொழில் செய்கிறவன். "டீச்சர், அவன் அதோடயே விளையாடட்டும். எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. பிறகு நாங்கள் வெண்டால், றுஸ்தியைத் தடுத்துத்தான் வெண்டவங்கள் எண்டு கதை வரும். எங்களுக்கு அந்தக் கதை வேண்டாம்."

ஆதம்பாவா கையை விரித்தார். "பாருங்கோ! அவையளே சொல்லுகினம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "ஜெனோஜன், நீங்கள் உங்கட காலுக்கு வேணுமெண்டால் சம்மதம் குடுக்கலாம். மற்றப் பத்துப் பேரின்ர காலுக்கும் நீங்கள் சம்மதம் குடுக்கேலாது. நானும் குடுக்கேலாது. பூட்ஸை மாத்தினால் ஆட்டம் தொடங்கும்."

கடைசியில், கோட்டோர வாங்கில் உட்கார்ந்திருந்த மாற்று வீரன் ஒருவனின் கறுப்புப் பூட்ஸைக் கழற்றி றுஸ்திக்குக் கொடுத்தார்கள். அது அவனுக்குக் கொஞ்சம் சின்னன். றுஸ்தியின் காலில் செம்மஞ்சள் இல்லாததைக் கண்ட சனம் ஊளையிடத் தொடங்கியது. அந்த ஊளைக்குள்தான் அவள் முதல் விசிலை ஊதினாள்.

றுஸ்தி நன்றாக விளையாடவில்லை. பந்தைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் நிலத்தைப் பார்த்தான். நல்ல வாய்ப்பு ஒன்றில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தான். எழும்பிவந்து நிருஷாவைப் பார்த்துப் பெரிசாகக் கைதட்டினான். சனத்துக்கு அது போதும். "மாத்து, மாத்து, றெபறியை மாத்து" என்று நடுவருக்கு எதிராக ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் வெள்ளிமீன்காரன் ஒருவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். கோபத்தில் றுஸ்தி பந்தைத் தூக்கி மதிலுக்கு வெளியே அடித்தான். அவள் மஞ்சள் அட்டை காட்டினாள்.

இடைவேளையில் தண்ணீர்ப் போத்தல்களும் கண்ணாடிச் சோடாப் போத்தல்களும் பறந்து வந்தன. ஒன்று கொடி பிடித்தவரின் தோளில் பட்டது. பொலிஸ்காரர் கயிற்றோரம் நின்று சனத்தைத் தள்ளினார்கள். கூட்டத்துக்குள் அப்பாவின் குடையைத் தேடினாள். காணவில்லை. "கெதியாத் தொடங்கும், தொடங்கினால்தான் சனம் அடங்கும்" என்று மேற்பார்வையாளர் அவளை அவசரப்படுத்தினார். அந்த அவசரத்தில் வீரர்களின் கால்களை மறுபடி பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியதும் கடலலைப் பக்கமிருந்து பெரிய ஆரவாரம் எழுந்தது. ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. றுஸ்தி மாறியிருந்தான். திரும்புகிற இடத்தில் திரும்பினான், நிற்கிற இடத்தில் நின்றான். சேற்றுத் தரை அவனுக்கு மட்டும் காய்ந்து கிடப்பதுபோல இருந்தது. இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய் அவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, நிருஷாவுக்கே ஒரு கணம் வாய் திறந்துவிட்டது. கால் பழகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் காலில் பூசியிருந்த சேறு மற்றவர்களின் காலில் இருந்த சேற்றைவிட அதிகம் என்பதை அவள் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. றுஸ்தி அதன் பின்னால் பாய்ந்தான். கோலுக்கு முன்னால் மழைத்தண்ணீர் தேங்கி நின்ற பள்ளத்துக்குள்ளால் அவன் ஓடினான். தண்ணீர் தெறித்தது. தெறித்த தண்ணீரில் சேறு கழன்றுபோக, செம்மஞ்சள் பளிச்சென்று வெளியே வந்தது.

நிருஷா அதைப் பார்த்தாள். பார்த்த அதே நேரத்தில் ஜெனோஜன் கோலை விட்டு வெளியே வந்து, பந்தைப் பிடிக்கத் தலைமுன்னாகப் பாய்வதையும் பார்த்தாள்.

சட்டம் அவளுக்கு மனப்பாடம். உடுப்பு, பூட்ஸ் பிழையென்றால் ஆட்டத்தை உடனே நிற்பாட்டவேண்டிய கட்டாயமில்லை. விசிலை வாயில் வைக்காமல் ஒரு மூச்சு பொறுத்தால் பந்து வலைக்குள் போய்விடும். ஒன்றுக்கு ஒன்று. ஊரே குதிக்கும். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் பந்துக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் ஒரு முகம் இருந்தது.

அவள் பலமெல்லாம் சேர்த்து ஊதினாள்.

விசில் கேட்டு றுஸ்தி காலை இழுத்தான். இழுத்தும் முழுதாக நிற்கவில்லை. பூட்ஸின் அடி ஜெனோஜனின் நீட்டிய கையில் உரசிக்கொண்டு போனது. இரண்டு பேரும் உருண்டார்கள். பந்து தன்பாட்டில் மெதுவாக உருண்டு கோலுக்குள் போனது. சனம் எழும்பிக் கத்தியது. பந்து உள்ளே போவதற்கு முன்பே விசில் ஊதியாயிற்று என்பது விளங்கச் சில கணங்கள் எடுத்தன. பிறகு வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது.

ஜெனோஜன் முழங்காலில் இருந்தபடி கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையுறை மணிக்கட்டிலிருந்து விரல்வரைக்கும் கத்தியால் கீறினதுபோலப் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து இரத்தம் வந்து சேற்றில் சொட்டியது. றுஸ்தி எழும்பி அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். முகத்தில் இரத்தம் வற்றிப்போயிருந்தது.

"ஜெனோ" என்றான். "ஜெனோ, மச்சான்."

நிருஷா முதலில் வைத்தியரை உள்ளே கூப்பிட்டாள். அதன்பின் றுஸ்திக்கு முன்னால் போய் நின்று மஞ்சள் அட்டையைக் காட்டினாள். இரண்டாவது மஞ்சள் என்றபடியால் அடுத்துச் சிவப்பையும் காட்டினாள். அவன் அந்த இடத்திலேயே சேற்றில் குந்தி, பூட்ஸைக் கழற்றி, காலுறையோடு நடந்து வெளியே போனான்.

கயிறு அறுந்தது. கடலலைப் பக்கத்துச் சனம் உள்ளே இறங்கியது. ஆதம்பாவா முன்னால் ஓடிவந்தார். "கோல் அது! கோலைக் களவெடுத்திட்டாய்!" என்று கத்தினார். பொலிஸ்காரர் நாலைந்துபேர் நிருஷாவைச் சுற்றி நின்றார்கள். யாரோ அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள், யாரென்று தெரியவில்லை. அவள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "மிச்ச ஆட்டம் நடக்கும். மைதானம் வெறுமையாகும் வரைக்கும் நான் இங்கதான் நிப்பன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொல்வது பக்கத்தில் நின்ற பொலிஸ்காரருக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும்.

நெடுநேரம் கழித்துச் சனத்தை வெளியேற்றினார்கள். மிச்ச ஆட்டம் நடந்தது. யாரும் ஒழுங்காக ஓடவில்லை. வெள்ளிமீன் வென்றது. கிண்ணத்தை வாங்கினார்களே தவிர ஒருவரும் குதிக்கவில்லை. அவர்களுடைய தலைவன் அப்போது ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருந்தான்.

நிருஷாவைப் பொலிஸ் ஜீப்பில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பரமநாதனையும் எங்கிருந்தோ தேடிப்பிடித்து ஏற்றினார்கள். குடைக்கம்பி வளைந்திருந்தது. தாம்போதி தாண்டியதும் அவர் மகளைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்குப் பக்கத்தில நிண்டவங்கள் உன்னைக் கண்டபடி பேசினவங்கள். நான் ஆரெண்டு சொல்லேல்லை. பயமாயிருந்தது பிள்ளை. பேசாமல் நிண்டிட்டன்."

"சொல்லாமல் விட்டது நல்லது அப்பா."

"நல்லதில்லை" என்றார் அவர். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். தண்ணீர் நிறைந்த வயல்கள் இருட்டத் தொடங்கியிருந்தன.

அடுத்த கிழமை லீக் கந்தோரில் விசாரணை. கடலலை கழகம் முறைப்பாடு செய்திருந்தது. நடுவர் வேண்டுமென்றே கோலை மறுத்தார், ஜெனோஜனின் கையை வெட்டியது தரையில் கிடந்த உடைந்த போத்தல் ஓடு என்பதுதான் முறைப்பாடு. ஆதம்பாவா கதிரையில் சாய்ந்திருந்து நிதானமாகக் கதைத்தார். "இடைவேளையில எவ்வளவு போத்தல் விழுந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதில ஒண்டு உடைஞ்சிருக்காதோ?"

நிருஷா நடந்ததைச் சொன்னாள். இடைவேளைக்குப் பிறகு கால்களைச் சோதிக்காதது தன் பிழை என்பதையும் சொன்னாள். ஆதம்பாவா தலையாட்டி அதைப் பிடித்துக்கொண்டார். "பாருங்கோ, பிழை எண்டு அவவே சொல்லுறா."

ஜெனோஜனைக் கேட்டார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் நிலத்தைப் பார்த்தான். இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. வலை இழுக்கப் போக இன்னும் எத்தனை மாதமென்று வைத்தியர் சொல்லவில்லை. "நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பாய்ஞ்சனான். என்ன வெட்டினதெண்டு தெரியாது" என்றான். பிறகு, "அவன் அதோட விளையாடட்டும் எண்டு நான்தானே சொன்னனான்" என்றான், தன்னைத் தானே குற்றஞ்சொல்வதுபோல.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாரும் ஒரு சமாதானமான முடிவைத்தான் தேடினார்கள். ஆட்டத்தைத் திரும்ப வைப்பது, நடுவரைக் கொஞ்சக் காலம் ஒதுக்கி வைப்பது. அதுதான் வரப்போகிறதென்று நிருஷாவுக்கு விளங்கியது.

கடைசியாக றுஸ்தியை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் கதிரையில் உட்காரவில்லை. கொண்டுவந்த பையைத் திறந்து பூட்ஸை எடுத்து மேசையில் குப்புற வைத்தான். கழுவவில்லை. சேறு காய்ந்திருந்தது. ஒரு குமிழில் கையுறையின் நூல் சிக்கியிருந்தது.

"தம்பி, யோசிச்சுக் கதை" என்றார் ஆதம்பாவா.

"ஆதம்பாவா நானா, யோசிச்சுத்தான் வந்தனான்." றுஸ்தி தொண்டையைச் செருமினான். "கொழும்பிலயும் மாத்தச் சொன்னவங்கள். நான் மாத்தேல்லை. புரி இறுகிப்போச்சு எண்டது பொய். கூராயிருந்தால் தரையைக் கவ்விப் பிடிக்கும். திரும்பேக்க மற்றவன் வழுக்குவான், நான் வழுக்கமாட்டன். அதுக்காகத்தான் அரத்தால தேய்க்க விடேல்லை. இடைவேளையில நான்தான் சேறு பூசிக்கொண்டு இறங்கினனான். ஒருத்தரும் சொல்லித் தரேல்லை." அவன் ஜெனோஜனைப் பார்த்தான். "ஓடும் இல்லை, போத்தலும் இல்லை. என்ர கால்."

ஆதம்பாவா போனை எடுத்துப் பார்த்தார், யாரும் அழைக்கவில்லை. ஜெனோஜன் கட்டில்லாத கையால் முகத்தைத் துடைத்தான்.

முறைப்பாடு தள்ளுபடி செய்யப்பட்டது. றுஸ்திக்கு இந்தப் பருவம் முழுக்க விளையாடத் தடை. கொழும்புக் கழகம் திரும்ப எடுக்குமோ என்று யாருக்கும் தெரியாது. நிருஷாவைப் பாராட்டி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் மட்டும் வாசலில் வைத்து, "கொஞ்ச நாளைக்குப் பஸார்ப் பக்கம் தனியாப் போகாதையும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காலையில் வரும்போதுகூடக் கடைவாசலில் நின்ற இரண்டுபேர் அவளைப் பார்த்துக் காறித் துப்பியிருந்தார்கள்.

வெளியே ஸ்கூட்டர் அருகில் அவள் நின்றபோது றுஸ்தி வந்தான். இரண்டு கழுதைகள் மதில் நிழலில் நின்றன. அவன் அவற்றைப் பார்த்தபடியே கேட்டான்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் ஊதாமல் விட்டிருந்தால் அது கோல்தானே?"

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்து போனது.

"ஓம். நல்ல கோல். ஜெனோஜன் பிந்திட்டார். பந்து உங்களிட்டத்தான் இருந்தது."

அவன் கண்களை மூடித் திறந்தான். "விசில் கேட்டிராட்டி நான் காலை இழுத்திருக்கமாட்டன். நேராய் அவன்ர முகத்திலதான்..." அவன் தலையை ஆட்டிவிட்டு, ஜெனோஜன் நின்ற பக்கம் போனான். அவனை விடத்தல்தீவுக்குக் கூட்டிப்போகத் தன் மோட்டார்சைக்கிளைத் திருப்பினான். கட்டுப்போட்ட கையோடு ஏறமுடியாமல் ஜெனோஜன் தடுமாற, றுஸ்தி இறங்கி அவனுடைய இடுப்பைப் பிடித்து ஏற்றினான்.

அவர்கள் போனபிறகும் நிருஷா ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. அப்பாவுக்குப் போன் எடுத்து, சோற்றைப் போட்டு வைக்கச் சொன்னாள், பசிக்கிறது என்றாள்.